மாத வருமானம்: பூஜ்யம்

— "உனக்கு மாசம் எவ்வளவு தர்றாரு முதலாளி?"ன்னு கேட்டான், எங்க கடைக்கு வந்த தையல் மிஷின் ரிப்பேர்காரன். எண்ணெய் விட்டுக்கிட்டே சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். இப்ப நீயும் அதையே கேக்குறே கண்ணு.

— நான் கேக்கலக்கா, ஃபாரம் கேக்குது. "மாத வருமானம்"னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதை நிரப்பினாத்தான் உங்களை உள்ள சமரசப் பேச்சுக்கு அனுப்ப முடியும்.

— அவன் கேட்டப்ப முதலாளி பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு.

— யாரு முதலாளி?

— என் வீட்டுக்காரர்தான், வேற யாரு? எங்களுது பை, பெட்டி ரிப்பேர் பண்ற கடை. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, நாலாவது ஷட்டர். சக்கரம், கைப்பிடி எல்லாம் அவரு. ஜிப்பு, தையல், நம்பர் பூட்டு எல்லாம் நான். பத்தொம்பது வருஷம்.

— மிஷின்காரனுக்கு அவரு என்ன பதில் சொன்னாரு?

— சிரிச்சாரு. "வீட்டு ஆளுக்கு எதுக்குப்பா சம்பளம்?"ன்னாரு. மிஷின்காரனும் சிரிச்சான். கூட நானும் சிரிச்சேன், அதான் எனக்கு இன்னும் ஆறல. சிரிச்சு முடிச்சுட்டு, மடியில இருந்த பையோட ஜிப்பைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சு வந்தவதான். மூணு மாசம் ஆச்சு.

— அப்புறம் கடைப் பக்கமே போகலையா?

— போகல. வீட்டுல சமையல் உண்டு, பேச்சு கிடையாது. அவரு டிவியைப் பாத்து "தண்ணி வேணும்"பாரு. நான் கதவைப் பாத்து "மேஜை மேல இருக்கு"ம்பேன். மூணு மாசமா டிவியும் கதவும்தான் எங்க குடும்பத்தை நடத்துது.

— அக்கா, நான் சிரிக்கக் கூடாது. நடுவுல இருக்கிற ஆளு, எந்தப் பக்கமும் சாயக் கூடாதுன்னு விதி.

— சிரிச்சுட்டியே.

— அது இருமல். கட்டத்துல என்ன எழுதட்டும்?

— பூஜ்யம்.

— சுத்தமா பூஜ்யமா? கைச்செலவுக்குன்னு ஏதாவது தருவாருல்ல?

— கேட்டா தருவாரு. "எதுக்கு?"ன்னு கேட்டுட்டுத் தருவாரு. மிச்சத்தைத் திருப்பி வாங்கிப்பாரு. அது வருமானமா? நீதான் படிச்ச பொண்ணு, நீயே சொல்லு.

— இல்லக்கா. உங்களுதுன்னு உங்க கைக்கு வர்றதுதான் வருமானம். சரி, பூஜ்யம்னே போடுறேன். அப்ப நீங்க முதல் படி. உங்களுக்குக் கட்டணம் கிடையாது.

— கிடையாதுன்னா?

— கிடையாதுன்னா கிடையாது. அந்தப் பலகையைப் பாருங்க. மாசம் பத்தாயிரத்துக்குக் கீழ வர்றவங்க முதல் படி, இலவசம். பத்துலேர்ந்து முப்பதாயிரம் வரைக்கும் ரெண்டாம் படி, ஐந்நூறு. அதுக்கு மேல மூணாம் படி, எண்ணூறு. ஒரு தடவை உக்காந்து பேச ஆளுக்கு அவ்வளவுதான். ரெண்டு தரப்பும் அவங்கவங்க வருமானத்துக்குத் தக்கபடி தனித்தனியா கட்டுவாங்க.

— இலவசம்னா எனக்கு பயமா இருக்கு கண்ணு. காசு கட்டுனவரு பேச்சை ஒரு மணி நேரம் கேட்டுட்டு, என் பேச்சை அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட மாட்டாங்களே?

— எல்லாருக்கும் ஒன்றரை மணி நேரம். அதே ரூம், அதே வட்ட மேஜை, அதே சமரச அம்மா. நாற்காலி மூணு இருக்கு, அதுல ஒண்ணு மட்டும் ஆடும். அதை யாருக்குன்னு கட்டணம் பாத்துப் போடுறதில்ல. கடைசியா உள்ள போறவங்களுக்கு அது.

— வக்கீல் ஒருத்தர்கிட்ட போனேன். உக்காருன்னு சொல்றதுக்கு முன்னாடியே மூவாயிரம்னாரு. நின்னபடியே திரும்பி வந்துட்டேன். அங்க காவலுக்கு நின்ன ஆளுதான் இந்த இடத்தைச் சொன்னான். "மாடியில ஒரு ஆபீஸ் இருக்கு, உன்னால முடிஞ்சதைக் கேப்பாங்க"ன்னான். முடிஞ்சதைன்னா இப்படி ஒண்ணுமே இல்லாம இருக்கும்னு நான் நினைக்கல. உங்களுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகுது?

— மூணாம் படிக்காரங்க கட்டுறதுல முதல் படிக்காரங்களுக்கும் சேத்து ஓடிடும்.

— அப்ப எனக்கும் சேத்து அவரு கட்டுறாருங்கிறியா?

— அவரு மூணாம் படியா இருந்தா, ஒரு வகையில ஆமா.

— இதை மட்டும் அவருகிட்ட சொல்லிடாதே. இங்கயே மயக்கம் போட்டு விழுந்துடுவாரு. வளைஞ்ச ஆணியை நிமித்தி, தேதி போட்டு டப்பாவுல வைக்கிற ஆளு.

— ஆணிக்கு எதுக்குக்கா தேதி?

— எந்த ஆணி எத்தனை தடவை உழைச்சிருக்குன்னு தெரியணுமாம். ஆணிக்கெல்லாம் கணக்கு இருக்கு கண்ணு, எனக்குத்தான் இல்ல. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். கணக்குல அவரை யாரும் அசைக்க முடியாது. வந்தவங்க பர்ஸைத் திறக்குறதுக்குள்ள மொத்தத்தையும் கூட்டி, சில்லறையையும் எண்ணி வச்சிருப்பாரு. பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவைகூட தப்பா கூட்டி நான் பாத்ததில்ல.

— சரி, அடுத்த கட்டம். என்ன பிரச்சினைன்னு சுருக்கமா சொல்லுங்க.

— வர்ற வெள்ளிக்கிழமை கடையோட வாடகைப் பத்திரத்தைப் புதுசா எழுதுறாங்க. கட்டடக்காரர் நேர்ல வர்றாரு. அதுல ஒரு பேரு ஏறப் போகுதா, ரெண்டு பேரு ஏறப் போகுதா? அதான் பிரச்சினை. வேற ஒண்ணும் இல்ல.

— பிரிஞ்சு போறது, அது இதுன்னு...

— நான் எதுக்குப் பிரியணும்? கேட்டுக்கோ. கடையில பாதி என்னுது. அதை ஒத்துக்கிட்டு என் பேரையும் போட்டா, நாளைக்கே போய் அந்தப் பாதி ஜிப்பை முடிச்சுடுவேன். போடலைன்னா பெரிய ரோட்டுல ஒரு சோபா கடையில தையலுக்கு ஆள் கேக்குறாங்க, அங்க சம்பளத்துக்குப் போயிடுவேன். அப்புறம் அவரு சக்கரத்தை மட்டும் உருட்டிக்கிட்டு இருக்கட்டும்.

— அவரு என்ன சொல்றாரு?

— அவரு எங்க சொல்றாரு? அவங்க அண்ணன்தான் சொல்றாரு. கடைக்கு முதல்ல முன்பணம் குடுத்தவரு அவரு. "பொம்பளை பேரு ஏறுனா கடை கையை விட்டுப் போயிடும்டா"ன்னு ஞாயித்துக்கிழமை தோறும் வந்து ஓதிட்டுப் போவாரு. இவரு தலையை ஆட்டுவாரு. எந்த நம்பர் பூட்டா இருந்தாலும் காதை வச்சுக் கேட்டு, விரல்ல திருகித் திறந்துடுவேன் நான். இந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் என்ன நம்பர்னு இன்னும் பிடிபடல.

— உங்களுக்கு முன்னாடி உள்ள ஒரு வழக்கு ஓடுது. மாடி வீட்டுக்காரருக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் சலவை மிஷின் சத்தத்துல தகராறு. பத்து மணிக்கு முடிஞ்சிடும். அதோ யாரோ படி ஏறி வர்றாங்க.

— அவருதான். குதிகாலை அழுத்தாம நடக்கிறாரு பாரு. செருப்பு தேயக் கூடாதாம்.

— வணக்கம் மேடம். பத்து மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். முன்னாடி வந்ததுக்கு ஏதும் கூடுதலா உண்டா?

— ஒண்ணும் கிடையாதுண்ணே. உக்காருங்க.

— இவ எப்ப வந்தா?

— பக்கத்துலதானே இருக்காங்க, நீங்களே கேக்கலாமே.

— கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுக்கலாமேன்னு சொன்னேன்.

— ஒன்பதரைக்கே வந்துட்டேன்னு சொல்லு கண்ணு.

— அண்ணே, ஒன்பதரைக்கே...

— கேட்டுச்சு மேடம். நடந்து வந்தாளா, பஸ்லயான்னு கேளுங்க.

— பஸ்லதான்னு சொல்லு. டிக்கெட்டைப் பத்திரமா வச்சிருக்கேன்னும் சொல்லு, கணக்கு கேப்பாருன்னு.

— ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். என் வேலை ஃபாரம் நிரப்புறதும் ரசீது எழுதுறதும்தான். ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர்கிட்ட சொல்ற வேலைக்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

— சம்பளமில்லாத வேலை எப்படி இருக்கும்னு இப்ப உனக்குத் தெரியுதா கண்ணு?

— மேடம், இவகிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் தொந்தரவு பண்ணல. கறுப்புப் பெட்டி ஒண்ணு வந்திருக்கு. நாலு நம்பர் பூட்டு. அந்த ஆளுக்கு நம்பர் மறந்து போச்சு. அவன் பாஸ்போர்ட்டு அந்தப் பெட்டிக்குள்ள. ஞாயித்துக்கிழமை விமானம். நான் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா திருகிப் பாக்குறேன். நேத்து ராத்திரி வரைக்கும் ஆயிரத்து நானூறு ஆச்சு.

— ஒவ்வொண்ணா திருகுறாராமா? பத்தாயிரம் நம்பர் இருக்கே! காதை வச்சுக் கேக்கணும்னு சொல்லு. கடைசிச் சக்கரத்துலேர்ந்து வரணும். சத்தம் மாறுற இடத்துல நிறுத்தணும்.

— காதை வச்சுப் பாத்தேன் மேடம். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் கேக்குது.

— அது எனக்குப் பத்தொம்பது வருஷமா தெரியும்னு சொல்லு.

— அண்ணே, ஃபாரத்துக்கு வருவோமா? தொழில்?

— பை, பெட்டி ரிப்பேர். எழுதிக்கோங்க, ரெண்டு வருஷம் உத்தரவாதம்.

— உத்தரவாதத்துக்குக் கட்டம் இல்லண்ணே. மாத வருமானம்? போன வருஷத்து சராசரி சொன்னா போதும்.

— வாடகை, சாமான், கரண்டு எல்லாம் போக நாப்பதாயிரம். குறைச்சு சொல்ல மாட்டேன். என் கணக்கு கணக்காத்தான் இருக்கும்.

— குறைச்சு சொன்னாலும் உள்ள போனதும் தெரிஞ்சிடும். உக்காந்ததும் அம்மா முதல்ல ரெண்டு பேரோட ஃபாரத்தையும் சத்தமா படிப்பாங்க. ரெண்டும் ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா பேச்சு தொடங்காது. கையெழுத்துப் போட்டா போட்டதுதான். அது கோப்புல இருக்கும். ரெண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு நகல் உண்டு.

— நல்ல ஏற்பாடு. எனக்குப் பிடிச்சிருக்கு. எவ்வளவு ஆச்சு?

— நாப்பதாயிரம்னா நீங்க மூணாம் படி. எண்ணூறு.

— எண்ணூறா? பேசுறதுக்கா?

— பேசுறதுக்குத்தாண்ணே.

— மேடம், எண்ணூறுக்கு ஒரு பெட்டிக்கு நாலு சக்கரமும் மாத்தி, கைப்பிடியும் போட்டு, துடைச்சும் குடுப்பேன். நீங்க என்ன போட்டுக் குடுப்பீங்க? ரெண்டு தடவைக்குச் சேத்துக் கட்டுனா ஏதும் குறையுமா?

— குறையாது.

— பாதி நேரம் நான் பேசாம உக்காந்திருந்தா?

— அது உங்க இஷ்டம். கட்டணம் அதேதான்.

— பொண்ணு பிடி குடுக்க மாட்டேங்குதே! சரி, நியாயம்னா நியாயம். இவளுக்கும் எண்ணூறுதானே?

— அக்காவுக்குக் கட்டணம் இல்லண்ணே. அவங்க முதல் படி.

— இல்லையா? எப்படி இல்லாமப் போகும்? ஒரே வீடு, ஒரே கடை, ஒரே சண்டை. எனக்கு எண்ணூறு, இவளுக்கு ஓசியா?

— அவங்க ஃபாரத்துல மாத வருமானம் பூஜ்யம்.

— பூஜ்யமா? யாரு சொன்னது? காலையில எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குனா ராத்திரி வரைக்கும் என்கூட நிக்கிறவ மேடம் இவ. வர்ற வேலையில பாதி இவ கைவேலை. இவ வராத மூணு மாசமா ஜிப்பு வேலையை வெளியில குடுத்து வாங்குறேன். அவன் ஜிப்பை இழுக்கிற ரன்னரைத் தலைகீழா மாட்டி அனுப்புறான். போன வாரம் ஒரு அம்மா பையைத் திறக்க முடியாம என் முன்னாலயே அழுதுட்டாங்க. "அந்த அக்கா எங்க, அந்த அக்கா எங்க"ன்னு வர்றவன் போறவன் எல்லாம் கேக்குறான். அவங்களுக்கு பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இவளுக்குப் பூஜ்யமா?

— என்ன சொன்னாரு கண்ணு? திரும்ப ஒரு தடவை சொல்லச் சொல்லு.

— அக்கா, நீங்க இங்கதானே இருந்தீங்க.

— இருந்தேன். ஆனா மூணு மாசமா டிவியைப் பாத்தே பேசுன ஆளு. எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சான்னு சந்தேகமா இருக்கு.

— ஒரு தடவை சொன்னா போதும். இப்ப மேடம், நான் கணக்கு பேசுறேன், கேளுங்க. நாப்பதுல பாதி இவ உழைப்புன்னா, பாதி வருமானமும் இவளுதுதானே?

— அதை நான் சொல்லக் கூடாதுண்ணே.

— நீங்க சொல்ல வேணாம். எனக்கு இருபது, இவளுக்கு இருபதுன்னு எழுதுனா நான் எந்தப் படி?

— இருபதாயிரம்னா ரெண்டாம் படி. உங்களுக்கு ஐந்நூறு.

— எண்ணூறுல ஐந்நூறு போனா முந்நூறு மிச்சம். குடுங்க இன்னொரு ஃபாரம்.

— அண்ணே, ஒரு நிமிஷம்...

— என்ன?

— இல்ல, நான் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. ஆனா இதைச் சொல்லலாம். எழுதுறது உண்மையா இருக்கணும். கோப்புல கடைசி வரைக்கும் இருக்கும். அக்காவுக்கும் ஒரு நகல் போகும். நகலை அவங்க யாருகிட்ட வேணும்னாலும் காட்டலாம். அதனால அவசரப்படாம யோசிச்சு எழுதுங்க.

— அதான் எழுதுறேங்கிறாருல்ல, எதுக்குப் பயமுறுத்துறே? பேனா எழுதலைன்னா என்கிட்ட ஒண்ணு இருக்குன்னு சொல்லு.

— அக்கா!

— சரி, நான் வாயைத் திறக்கல.

— நான் யோசிச்சுட்டேன் மேடம். எங்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு. நாளைக்கு வந்து "ஏண்டா இப்படி எழுதுனே?"ன்னு குதிப்பாரு. "கட்டணத்துல முந்நூறு குறையுது, அதான் எழுதுனேன்"னு சொன்னா முதுகுல தட்டிக் குடுத்துட்டுப் போயிடுவாரு. அவரு எனக்கும் மேல. குடையை வெயில்ல விரிச்சா சாயம் போயிடும்னு மழைக்கு மட்டும்தான் விரிப்பாரு.

— மழையிலயும் பாதிதான் விரிப்பாருன்னு சொல்லு.

— இந்தாங்கண்ணே, புது ஃபாரம். தெளிவா எழுதுங்க.

— "கடையில் வரும் மாத வருமானம் நாற்பதாயிரம். இதில் பாதி எனக்கு உரியது. மறு பாதி என் மனைவிக்கு உரியது." போதுமா?

— போதும். கீழ கையெழுத்து. பக்கத்துல தேதி.

— தேதி நான் போடாம எதையும் விடுறதில்ல மேடம். இந்தாங்க.

— அக்கா, இப்ப உங்க ஃபாரம் இதோட ஒத்துப் போகல. பூஜ்யத்தை அடிச்சுட்டு, பக்கத்துல நீங்களே திருத்தி எழுதி, சுருக்கொப்பம் போடணும்.

— என்னன்னு எழுத?

— மாத வருமானம் எவ்வளவோ அதை.

— இரு கண்ணு. மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிறேன். இருபதாயிரம். எண்ணாலயா, எழுத்தாலயா?

— ரெண்டாலயும் எழுதணும்.

— நல்லதாப் போச்சு. இருபதாயிரத்துக்கு எத்தனை பூஜ்யம்?

— நாலு. முன்னாடி ஒரு ரெண்டு.

— அந்த ஒரு ரெண்டுக்குத்தான் இத்தனை வருஷம் ஆச்சு. இந்தா, எழுதிட்டேன். "யி" கொஞ்சம் கோணிக்கிச்சு. பரவால்லையா?

— பரவால்லக்கா, படிக்க முடியுது.

— முகம் கழுவிட்டு வந்துடுறேன். குழாய் எந்தப் பக்கம்?

— வலது பக்கம் கடைசிக் கதவு. தாழ்ப்பாள் சரியா விழாது, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு இழுக்கணும்.

— என்கிட்டயே தாழ்ப்பாளைப் பத்திச் சொல்றியா? ரெண்டே நிமிஷம்.

— மெதுவா வாங்க. அண்ணே, அதுக்குள்ள நாம ரசீதை முடிச்சுடலாம், இப்படி மேஜைக்குப் பக்கத்துல வாங்க.

— அப்பாடா, என்ன குளுமை அந்தத் தண்ணி! உன் தாழ்ப்பாளைச் சரி பண்ணிட்டேன் கண்ணு, ஒரு ஆணிதான் தளந்திருந்தது. எங்க அந்த மனுஷன்? நாற்காலி காலியா இருக்கு.

— போயிட்டாருக்கா.

— போயிட்டாரா? உள்ள கூப்பிடப் போற நேரத்துல எங்க போனாரு? என்ன சொல்லிட்டுப் போனாரு?

— ஒரு வார்த்தை சொல்லல.

— அப்ப உறைச்சிடுச்சு! எழுதும்போது தெரியல, எழுதி முடிச்சதும் பொறி தட்டியிருக்கு. ஃபாரத்தைக் கிழிச்சுட்டாரா? உண்மையைச் சொல்லு.

— கிழிக்கல. இதோ, கையெழுத்தோட இருக்கு. இது உங்க நகல்.

— குடு குடு, முதல்ல அதை என் பைக்குள்ள வச்சுக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டடக்காரர் வரட்டும், இதை அவரு முன்னாடி விரிச்சுப் போடுறேன். "ரெண்டு பேரு எழுதுங்கய்யா"ங்கிறேன். கண்ணு, சிரிச்சுக்கோ, இப்பவாவது சிரிச்சுக்கோ! பத்தொம்பது வருஷம் உழைச்சும் வரல, மூணு மாசம் பேசாம இருந்தும் வரல. முந்நூறு மிச்சமாகுதுன்னதும் பாதிக் கடையை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரே! உங்க பலகைக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்.

— அக்கா...

— ஆனா கொஞ்சம் கஷ்டமாவும் இருக்கு. அவரா மனசு வந்து எழுதியிருந்தா நல்லாயிருந்திருக்கும். பரவால்ல, கஞ்சத்தனத்துல வந்தாலும் வந்தது வந்ததுதான். அட, ஒண்ணு மறந்துட்டேனே! இப்ப நானும் ரெண்டாம் படி ஆயிட்டேன்ல? எனக்கும் ஐந்நூறு கட்டணும்தானே? என் கையில பஸ்ஸுக்கு மட்டும்தான் இருக்கு. அடுத்த வாரம் தரலாமா?

— உங்களுது கட்டியாச்சுக்கா.

— யாரு கட்டுனா?

— உங்க வீட்டுக்காரர்தான். ஆயிரத்தை எடுத்து மேஜை மேல வச்சாரு. உங்களுக்கு ஐந்நூறு, அவருக்கு ஐந்நூறு.

— இரு. எதுக்கு ஆயிரம்? முதல்ல இருந்தபடியே விட்டிருந்தா எவ்வளவு?

— எண்ணூறு. அவருக்கு எண்ணூறு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல.

— முந்நூறு மிச்சம்னாரே?

— அவரு பங்குல முந்நூறு குறைஞ்சுது. உங்க பங்குல ஐந்நூறு ஏறுச்சு. மொத்தத்துல இருநூறு கூடத்தான் ஆச்சு.

— அப்ப தப்பாக் கூட்டிட்டாரா? அந்த மனுஷனா?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். "அண்ணே, இப்படி எழுதுனா மொத்தத்துல உங்களுக்கு இருநூறு நஷ்டம். வேணும்னா பழைய ஃபாரத்தையே வச்சுக்கலாம், அது இன்னும் இங்கதான் இருக்கு"ன்னு எடுத்தும் காட்டுனேன்.

— என்ன சொன்னாரு?

— பழைய ஃபாரத்தை வாங்கி நாலா மடிச்சு, அவரு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. "ரசீது யாரு பேருல போட?"ன்னு கேட்டேன். ரசீதுப் புத்தகத்தை அவரு பக்கம் திருப்பி, என் கையிலேர்ந்து பேனாவை வாங்கி, அவரே எழுதுனாரு. எழுதிட்டுப் படி இறங்கிப் போயிட்டாரு. இந்தாங்க.

— கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். நீயே படி.

— ரெண்டு பேரு எழுதியிருக்காருக்கா. உங்க பேருதான் முதல்ல இருக்கு.

— அக்கா? ஃபாரம் ரெண்டையும் சேத்து வச்சுட்டேன், இப்ப உள்ள கூப்பிடுவாங்க. அக்கா, பையை எடுத்துட்டு எங்க கிளம்பிட்டீங்க, கடைக்கா? அவருதான் ஒண்ணும் சொல்லாமப் போனாருன்னா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லாம இறங்குறீங்களே. உள்ள அம்மா கேட்டா நான் என்னன்னு எழுதுறது?